தலைக்கட்டு வரியும் நூலக வரியும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் ஆனி, ஆடி மாதங்களில் மாலை நேரத்தில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கி வந்து முகத்தில் படும். அப்படியொரு மாலையில், எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவரின் புதிய வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். வளைகுடா நாடொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்துவிட்டு, சேர்த்த பணத்தில் வீடு கட்டிக் குடியேறியிருப்பவர். செபம் முடிந்து எல்லாரும் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, அவர் உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். அது சொத்து வரி ரசீது.

“சாமி, இதைப் பாருங்கள். வீட்டுக்கு வரி கேட்கிறார்கள், கொடுக்கிறேன். அதோடு சேர்த்து நூலக வரி என்று ஒரு தொகை. நான் நூலகத்தின் படியை ஒருநாளும் மிதித்தது கிடையாது. இனிமேலும் மிதிக்கப் போவதில்லை. என் பிள்ளைகள் கட்டணம் கட்டித்தான் தனியார் பள்ளியில் படித்தார்கள். காய்ச்சல் வந்தால் தனியார் மருத்துவமனைக்குத்தான் போகிறோம். தண்ணீருக்குச் சொந்த ஆழ்துளைக் கிணறு. போய்வரச் சொந்த வண்டி. நான் எதைப் பயன்படுத்துகிறேனோ அதற்குப் பணம் கொடுக்கிறேன். பயன்படுத்தாததற்கும் ஏன் கொடுக்க வேண்டும்? நீங்கள் நீதியைப் பற்றிப் பிரசங்கம் வைக்கிறீர்களே, இது நீதியா?”

சீசரின் நாணயத்தைப் பற்றிய நற்செய்திப் பகுதியை அவருக்கு நினைவூட்டினேன். “அதுதானே என் கேள்வி, சாமி? சீசருக்கு உரியது எவ்வளவு, எதுவரைக்கும் என்று யார் சொல்வது?” என்றார். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. மழை விட்டபின் பங்கு இல்லத்திற்குத் திரும்பி நடக்கையில், அந்தக் கேள்வியும் என்னோடு நடந்து வந்தது.

கேள்வி கேட்டவரைத் தன்னலக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நேர்மையாகாது. அவர் வரி ஏய்ப்பவர் அல்லர். கேட்ட தொகையைக் கேட்ட நாளில் கட்டியவர். அவர் மனத்தில் இருப்பது ஓர் ஒழுங்கு: கொடுத்ததற்குப் பெறவேண்டும், பெறாததற்குக் கொடுக்கவேண்டியதில்லை. கடையில் நாம் எல்லாரும் கடைப்பிடிக்கும் ஒழுங்குதான் அது. வாங்காத அரிசிக்குக் கடைக்காரர் பணம் கேட்டால் சும்மா இருப்போமா? ஆகவே அவருடைய கேள்விக்கு மதிப்பளித்தே விடை தேட வேண்டும்.

முதலில், அந்த நூலக வரி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் எஸ். ஆர். அரங்கநாதனின் நீண்ட நாள் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. அச்சட்டம் ஒரு புதுமையைச் செய்தது. நூலகத்திற்கு வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கி நூலகம் நடத்துவதில்லை. வீடு உடையவர்கள் கட்டும் வரியின்மேல் ஒரு சிறு கூடுதல் விதித்து, அதில் ஊர் முழுவதற்கும் நூலகம் நடத்துவது என்று அது முடிவு செய்தது. தொடக்கத்தில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி, அதாவது அன்றைய 192 தம்பிடி கொண்ட ரூபாயில் ஆறு தம்பிடி, வாங்கப்பட்டது. இன்று சொத்து வரியில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் என்று அது வளர்ந்திருக்கிறது.

தென்காசியில் வ. உ. சி. பெயரைத் தாங்கிய நூலகத்திற்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். முதியவர்கள் நாளிதழ் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைவிட அதிகமாக, போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் குறிப்பேடுகளை விரித்து வைத்து அமர்ந்திருப்பார்கள். நம் வட்டாரத்தில் பீடி சுற்றும் குடும்பங்கள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே அறையில் ஒரு பக்கம் அடுப்பும் மறு பக்கம் பீடித்தட்டும் இருக்கும் வீட்டில், ஒரு பெண் எங்கே அமர்ந்து படிப்பாள்? அவளுக்கு நூலகத்தின் மேசையும் மின்விசிறியும் அமைதியுமே புத்தகங்களுக்கு நிகரான கொடை. வீடு உடையவரின் பத்து ரூபாயில்தான் அந்த மேசை நிற்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு: “நீங்கள் நேரடியாகப் பயன்படுத்தாவிட்டாலும் மறைமுகமாகப் பயன் பெறுகிறீர்கள்.” இதில் உண்மை இருக்கிறது. குற்றாலத்தையே எடுத்துக்கொள்வோம். பேரருவியில் குளிக்கிறோம், ஐந்தருவியில் குளிக்கிறோம். செண்பகதேவி அருவிக்கு மேலே உள்ள காட்டை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அங்கே பொதுமக்கள் விருப்பம்போல் போக முடியாது. ஆயினும் அந்தக் காட்டை வனத்துறை காக்கிறது. காடு நின்றால்தான் சிற்றாறு ஓடும். தென்காசியைக் கடந்து, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும். நம்மவருடைய ஆழ்துளைக் கிணற்றில் ஊறும் நீருக்கும் அந்தக் காட்டுக்கும் உறவு உண்டு. தாம் கால் வைக்காத காட்டின் நீரைத்தான் அவர் நாள்தோறும் குடிக்கிறார்.

போலியோ சொட்டு மருந்தும் அப்படியே. ஊர் ஊராக, வீடு வீடாக, பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் அரசுப் பணியாளர்கள் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 சனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் உலக நலவாழ்வு நிறுவனம் நம் பகுதியைப் போலியோ அற்ற பகுதியாக அறிவித்தது. ஏழையின் குழந்தைக்குக் கொடுத்த இரண்டு சொட்டு, பணக்காரரின் குழந்தையையும் காத்தது. நோய்க்கு மதில் சுவர் தெரியாது.

ஆயினும் இந்த விடை எனக்குப் போதவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இது இன்னமும் கடைக்கணக்குதான். “நீ கொடுத்ததற்கு வேறு வழியில் உனக்கு வந்து சேர்ந்துவிட்டது, கணக்குச் சரி” என்கிறது. அப்படியானால் ஒன்றும் வந்து சேராத இடத்தில் என்ன சொல்வோம்? எங்கோ ஒரு மலைக்கிராமத்தில் பார்வையற்ற ஒரு குழந்தைக்கு அரசு பள்ளி நடத்துகிறது. அதனால் நம் நண்பருக்கு எந்தப் பயனும் இல்லை. அந்தக் குழந்தை வளர்ந்து அவருக்கு எதையும் திருப்பித் தரப்போவதில்லை. அதற்கும் அவர் கொடுக்க வேண்டுமா? வேண்டும் என்றுதான் நம் மனச்சாட்சி சொல்கிறது. அந்த ‘வேண்டும்’ எங்கிருந்து வருகிறது?

குருமடத்தில் நாங்கள் படித்த புனித தோமா அக்குவினாவின் நீதிநெறிப் பாடம் இங்கே துணைக்கு வருகிறது. நீதி ஒரே வகையானதன்று என்பார் அவர். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே உள்ளது ஒரு நீதி. அங்கே கொடுத்ததும் பெற்றதும் சமமாக இருக்க வேண்டும். சமுதாயம் தன் உறுப்பினர்களுக்குப் பொதுப் பொருளைப் பகிர்ந்தளிப்பதில் உள்ளது இன்னொரு நீதி. அங்கே அவரவர் தேவையும் நிலையும் கருதப்பட வேண்டும். இவற்றோடு, உறுப்பினன் ஒவ்வொருவனும் முழுச் சமுதாயத்தின் பொதுநலனுக்குச் செய்யக் கடமைப்பட்டிருக்கும் நீதியும் உண்டு. வரி இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. அதை முதல் வகையின் தராசில் வைத்து நிறுத்தால் நிறை சரியாக வராது. கை, கண்ணுக்காகத் தடியை ஏந்தித் தடுக்கிறது. “நான் எதையும் பார்ப்பதில்லையே” என்று கை வாதாடுவதில்லை.

நம் நாட்டின் சட்டமும் இதே வேறுபாட்டை அறியும். 1954-இல் உச்ச நீதிமன்றம் சிரூர் மடம் வழக்கில் தீர்ப்பளித்தது. சென்னை மாகாணத்தின் 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் தொடர்பான வழக்கு அது. கட்டணம் வேறு, வரி வேறு என்று அத்தீர்ப்பு தெளிவாக்கியது. ஒரு குறிப்பிட்ட சேவைக்கு ஈடாக அதைப் பெறுகிறவரிடம் வாங்குவது கட்டணம். பொது நோக்கத்திற்காக எல்லார்மீதும் சுமத்தப்படும் பொதுச் சுமை வரி; அதைக் கட்டியவர் தமக்கென்று தனியாக ஈடு கேட்க முடியாது. குற்றாலத்தில் வண்டியை நிறுத்தக் கொடுப்பது கட்டணம். அருவிக்கரையில் காவலர் நிற்பதற்கு நாம் கொடுப்பது வரி.

இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரம் இருக்கிறது. நகருக்கு வெளியே, நாட்டுப்புறத்தில் வசிப்பவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் கட்டினால் நகரத்துத் தீயணைப்புப் படை அவர்களுக்கும் வரும். விரும்பினால் கட்டலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். பயன்படுத்துகிறவர் மட்டுமே கொடுக்கும் ஏற்பாடு. 2010 செப்டம்பரில், அந்தப் பணத்தைக் கட்டாதிருந்த ஒருவரின் வீடு தீப்பற்றியது. எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்று அவர் தொலைபேசியில் கெஞ்சினார். படை வரவில்லை. பின்னர், பணம் கட்டியிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்திற்குத் தீ பரவியபோது படை வந்தது. அந்தத் தீயை அணைத்தது. இந்த வீடு எரிந்து சாம்பலாவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. கணக்குப்படி அதில் பிழையே இல்லை. கொடுத்தவர் பெற்றார், கொடாதவர் பெறவில்லை. ஆயினும் அந்தச் செய்தியைப் படித்தவர்கள் உலகெங்கும் வெட்கப்பட்டார்கள்.

2024 மே 17 அன்று நம் பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்ததை நாம் மறக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்பு மீட்புப் பணியாளர்கள் பாறை இடுக்குகளில் இறங்கித் தேடினார்கள். உயிருடன் மீட்க முடியவில்லை. அந்தப் பையன் எந்த ஊர், அவன் தந்தை வரி கட்டினாரா, எந்த ஊராட்சிக்குக் கட்டினார் என்று அன்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாம் மனிதர்களாக இருந்திருக்க மாட்டோம். கேட்காமல் இறங்கித் தேடுவதற்கு ஆட்கள் ஆயத்தமாக நிற்க வேண்டுமென்றால், ஆபத்து வராத ஆண்டுகளிலும், அருவிப் பக்கமே போகாதவர்களும் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது கேள்வியை நம் பக்கமாகத் திருப்பிப் பார்ப்போம். நாம் பயன்படுத்தாததற்கு நாம் கொடுப்பதை மட்டும் எண்ணுகிறோம். நாம் பயன்படுத்துவதற்குப் பிறர் கொடுப்பதை எண்ணுகிறோமா?

நம் மறைமாவட்டப் பள்ளிகளில் பல அரசு உதவி பெறுபவை. ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களின் ஊதியத்தை அரசு தருகிறது. அந்தப் பணம் யாருடையது? நம் பள்ளி வாசலையே பார்த்திராத இந்து சகோதரரின் பணம். இஸ்லாமிய சகோதரரின் பணம். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2024 சூலை 15 அன்று ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. நம் பள்ளிக் குழந்தைகள் காலையில் பசியாறும் உப்புமாவில் அவர்களுடைய பங்கும் இருக்கிறது. நம் ஆலயங்களுக்குச் சொத்து வரி இல்லை; வழிபாட்டிடங்கள் எல்லாவற்றிற்கும் உள்ள விலக்கு அது. ஆனால் ஆலயத் தெருவிலும் குப்பை அள்ளப்படுகிறது, விளக்கு எரிகிறது. “நான் பயன்படுத்தாததற்கு ஏன் கொடுக்க வேண்டும்?” என்ற கேள்வியை நாடு முழுவதும் எல்லாரும் கேட்கத் தொடங்கினால், முதலில் மூடப்படும் கதவுகளுள் சில நம்முடையவையாக இருக்கும்.

இன்னொருவரையும் நினைத்துப் பார்ப்போம். நாளெல்லாம் பீடி சுற்றும் தாய் ஒருத்தி. அவளுக்குச் சொத்து வரி இல்லை, வருமான வரியும் இல்லை. ஆனால் அவள் வாங்கும் குளியல் சோப்பில் வரி இருக்கிறது. 2017 சூலையிலிருந்து நூற்றுக்குப் பதினெட்டாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் ஐந்தாகக் குறைந்திருக்கிறது. அந்தப் பணமும் பொதுக் கருவூலத்தில்தான் சேர்கிறது. அதிலிருந்துதான் ஐ.ஐ.டி. போன்ற உயர்கல்வி நிறுவனங்கள் நடக்கின்றன. நான்குவழிச் சாலைகள் போடப்படுகின்றன. அவள் பிள்ளைகளில் எவரும் அங்கே படித்ததில்லை. அந்தச் சாலையில் ஓட அவளுக்கு வண்டியில்லை. படித்தவர்களும் வண்டி வைத்திருப்பவர்களும் நாம். அவள் ரசீதை நீட்டி நம்மிடம் நியாயம் கேட்டதில்லை. அவளுக்கு ரசீதே கிடைப்பதில்லை.

இத்தனையும் யோசித்தபின்னும், நம் நண்பருக்குச் சொல்லத் தகுந்த ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அது அவரிடமிருந்தே கிடைத்தது.

அவருடைய சொந்த ஊர் எங்கள் பங்கின் கிளைக் கிராமங்களுள் ஒன்று. அவ்வூர்த் திருவிழாவுக்குக் கணக்குப் பார்க்க ஊர்ப் பெரியவர்கள் பழைய வரிக் குறிப்பேடுகளைக் கொண்டு வந்திருந்தார்கள். நம் ஊர்களில் தலைக்கட்டு வரி என்பது என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருமணமாகித் தனிக்குடும்பமான ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. கொடியேற்றம், சப்பரம், அசனம் எல்லாவற்றிற்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. கைம்பெண்ணின் குடும்பத்திற்கு அரை வரி. அந்தக் குறிப்பேடுகளில் நம் நண்பரின் பெயருக்கு நேரே இருபத்திரண்டு ஆண்டுகளும் ‘வரவு’ என்று எழுதப்பட்டிருந்தது. அப்போது அவரும் அங்கே வந்தார்.

“அண்ணாச்சி, வெளிநாட்டில் இருந்த காலத்தில் எத்தனை திருவிழாவுக்கு வந்திருப்பீர்கள்?” என்று கேட்டேன்.

“நாலோ ஐந்தோ, சாமி. விடுமுறை கிடைக்க வேண்டுமே.”

“பிறகு ஏன் எல்லா ஆண்டும் வரி கட்டியிருக்கிறீர்கள்? நீங்கள் அசனம் சாப்பிடவில்லை, சப்பரம் பார்க்கவில்லை.”

கேட்கத்தகாததைக் கேட்டுவிட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “என்ன சாமி இப்படிக் கேட்கிறீர்கள்? வரி கட்டவில்லையென்றால் நான் எப்படி இந்த ஊர்க்காரன்?”

சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு தாமாகவே சொன்னார்: “அங்கே என் சம்பளத்தில் ஒரு காசு வரி பிடித்ததில்லை, சாமி. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். இருபத்திரண்டு வருடம் இருந்தாலும், வேலை முடிந்ததும் பெட்டியைக் கட்டு என்றுதான் சொன்னார்கள். என்னை அவர்கள் ஒரு தலைக்கட்டாக எண்ணியதே இல்லை.”

அன்று மாலை மத்தேயு நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தேன். கோவில் வரி பிரிப்பவர்கள் பேதுருவிடம் வந்து, உங்கள் போதகர் வரி கட்டுவதில்லையா என்று கேட்கும் நிகழ்ச்சி அது. நான்கு நற்செய்தியாளர்களுள் வரி வசூலித்தவராக அறியப்படும் மத்தேயு மட்டுமே இதைக் குறித்திருக்கிறார். அரசர்கள் தம் பிள்ளைகளிடமா, பிறரிடமா வரி வாங்குவார்கள் என்று இயேசு பேதுருவைக் கேட்கிறார். பிறரிடமிருந்துதான் என்கிறார் பேதுரு. அப்படியானால் பிள்ளைகளுக்குக் கடமையில்லை என்று இயேசு தெளிவாக்குகிறார். தந்தையின் இல்லத்திற்கு மகன் வரி கட்டத் தேவையில்லை. இருந்தும், அவர்களுக்கு இடறலாக இருக்கக் கூடாதென்று கட்டச் சொல்கிறார். மீனின் வாயில் கிடைக்கும் நாணயம் ஒருவருடைய வரிக்கு மட்டும் உரியதன்று. அது இருவருக்கான தொகை. எனக்காகவும் உனக்காகவும் கொடு என்கிறார். கடன்படாத ஒருவர் கொடுக்கிறார். கொடுக்கும்போது அடுத்தவருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். வரியைப் பற்றிய கிறித்தவச் சிந்தனை முழுவதும் அந்த ஒரு நாணயத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இங்கே நிறுத்திவிட்டால் நான் அரசுக்கு வசூல் செய்து கொடுத்தவன் ஆவேன். பயன்படுத்தாததற்கும் கொடுக்க வேண்டும் என்பதற்கு எல்லைகள் உண்டு.

விரும்பாமல் பயன்படுத்தாதிருப்பது வேறு. பயன்படுத்த விடாமல் தடுக்கப்பட்டிருப்பது வேறு. நமக்கு அண்மையிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த நிலப்பகுதியாக இருந்தது. அந்தத் திருவிதாங்கூரில், பொதுப் பணத்தில் போடப்பட்ட சாலைகளில், அந்தப் பணத்திற்குத் தாமும் பங்களித்த ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக் கூடாதென்ற கொடுமை இருந்தது. 1924-இல் வைக்கத்தில் அதற்காகப் போராட வேண்டியிருந்தது; பெரியார் அங்கே சென்று சிறைப்பட்டார். வாங்கும்போது ‘நம்மவர்’ என்றும் கொடுக்கும்போது ‘நீ யார்’ என்றும் கேட்கும் வரி நீதியன்று. இன்று நம் ஊர்களில், சாதியின் பெயரால் சிலருடைய தலைக்கட்டு வரியை வாங்க மறுப்பதும், அதன் வழியாக அவர்களை ஊரிலிருந்து விலக்குவதும் இதே பாவத்தின் மறுபக்கம். அதையும் நாம் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மனச்சாட்சியின் எல்லை இன்னொன்று. கி. பி. 70-இல் எருசலேம் கோவில் அழிந்தபின், பேரரசன் வெஸ்பாசியன் யூதர்கள் அதுவரை கட்டிவந்த கோவில் வரியை நிறுத்தவில்லை. உரோமையிலுள்ள யூப்பித்தர் கோவிலுக்கு அதைத் திருப்பிவிட்டான். தம் இறைவனுக்குக் கொடுத்த காசை வேற்றுத் தெய்வத்திற்குக் கொடுக்கும்படி ஆயிற்று. நம் அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவு இதற்கு இடம் தரவில்லை. ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி எவரையும் வற்புறுத்த முடியாது என்கிறது அது.

மூன்றாவது எல்லை, தாங்கும் ஆற்றல். தொழிலாளர்களின் உரிமைக்குக் குரல் கொடுத்த திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரே, 1891-இல் எழுதிய சுற்றுமடலில், மிகையான வரியால் குடிமக்களின் உடைமையை உறிஞ்சிவிடக் கூடாதென்று எச்சரித்திருக்கிறார். கைம்பெண்ணுக்கு அரை வரி என்று வைத்த நம் முன்னோர் படிக்காதவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்கள் சோப்புக்கு வரி போடும் அறிஞர்களுக்குச் சொல்லித் தரத் தகுந்தவர்கள்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று இருக்கிறது. நம்மில் வசதி வந்தவர்கள் அரசுப் பள்ளியை விட்டோம், அரசு மருத்துவமனையை விட்டோம், நூலகத்தை விட்டோம். விட்டதில் குற்றமில்லை. ஆனால் விட்டதோடு கவலைப்படுவதையும் விட்டுவிட்டோம். பேசத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரியிடம் போய் நின்று கேட்கத் தெரிந்தவர்கள் வெளியேறிவிட்ட இடத்தில், கேட்கத் தெரியாதவர்கள் மட்டும் எஞ்சினார்கள். நூலகத்தின் பெயரால் வசூலிக்கப்படும் வரியை உள்ளாட்சிகள் பல நூலகத் துறைக்குச் செலுத்தாமல் நிலுவை வைத்திருப்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. நம் கையிலிருந்து போன காசு, உரிய இடத்திற்குப் போய்ச் சேரவில்லை. “நான் ஏன் கொடுக்க வேண்டும்?” என்று கேட்ட நாம், “நான் கொடுத்தது எங்கே?” என்று கேட்டிருக்கிறோமா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 30-ஆவது எண், நீதியான வரிகளைச் சூழ்ச்சியால் தட்டிக்கழிப்பவர்களைக் கண்டிக்கிறது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு, தன் 2240-ஆவது எண்ணில், வரி கட்டுவதையும் வாக்களிப்பதையும் ஒரே மூச்சில் கடமைகளாகச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னதில் பொருள் இருக்கிறது. கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. கொடுத்தது எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அதே கடமையின் பாதி. திருவிழாக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசிக்காவிட்டால் நம் இளைஞர்கள் விடுவார்களா? பத்து ரூபாய் குறைந்தாலும் எழுந்து நின்று கேட்கிறார்கள். ஊராட்சியின் கணக்கிற்கும் நகராட்சியின் கணக்கிற்கும் அப்படி எழுந்து நிற்க நமக்கு ஏன் தோன்றுவதில்லை? 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறதே.

சாரல் ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து நம் நண்பர் என்னிடம் வந்தார். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த அதே ரசீதை எடுத்தார். மீண்டும் வாதத்திற்கு வந்துவிட்டாரோ என்று எண்ணினேன்.

“சாமி, ஒரு மனு எழுத வேண்டும். நம்மிடம் வாங்குகிற நூலக வரியில் எவ்வளவு நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கேட்கலாமென்று இருக்கிறேன். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதாமே?”

இருக்கிறது என்றேன். இன்னமும் அவர் நூலகத்தின் படியை மிதிக்கவில்லை. அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து இருவரும் மனுவை எழுதினோம். விண்ணப்பதாரர் யார் என்ற இடத்தில் தம் பெயரை எழுதி, அதன் கீழே சற்று யோசித்து, ‘வரி கட்டுபவர்’ என்று எழுதினார்.